தலைக்காசு வாங்காத கங்காணி

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர் அவர்களே, பணிகளுக்கிடையே வந்திருக்கும் நகராண்மைக் கழக உறுப்பினர் அவர்களே, கோலா மூ பக்கத்துக் காட்டுச் சாலையில் ஃபோர் வீல் வண்டியில் குலுங்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தெமியார் பழங்குடிக் கிராமத்துத் தலைவர் தோக் பாத்தின் அவர்களே, என் பேச்சை அவருக்கு மலாயில் சொல்லிவரும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, சுங்கை சிப்புட் பெரியோர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

தோட்டப்புறத்துக்கும் காட்டுப்புறத்துக்கும் வேலை எப்படி வந்து சேரும் என்பது குறித்து மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன்: அலைத்தொடர்பு, விண்ணப்பம், போக்குவரத்து. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார் என் பாட்டி.

அந்நாளில் நம்மையும் முதலாளியையும் இணைத்தவர் கங்காணி. தமிழ்நாட்டில் தம் ஊருக்குப் போய்த் தோட்ட வேலைக்கு ஆள் திரட்டி வந்தார். வேலைக்கு இறங்கிய ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு பெற்றார். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆளனுப்புவதை நிறுத்தியதோடு அந்த ஏற்பாடு முடிந்தது. ஆயினும் நடுவில் நிற்பவர் மறையவில்லை. ஏஜெண்டு என்ற பெயரில் வந்து, வேலை தேடுபவரிடமே தலைக்காசு கேட்கிறார். இதற்கு மாற்றாக, 2020 முதல் பெர்கெசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் நடத்திவரும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் இணையத்தளத்தில் நம் விவரத்தைப் பதிந்தால், பொருத்தமான காலியிடங்களை அதுவே எடுத்துக் காட்டுகிறது. ஒரு சென் கட்டணமில்லை. ஆனால் அதற்குக் கைப்பேசியில் லைன் வேண்டுமே!

எங்கள் தோட்டத்தில் ஒரு தம்பி. பெயர் வேண்டாம், அவன் அம்மா இங்கேதான் இருக்கிறார். சென்ற ஆண்டு ஒரு தொழிற்சாலை அவனைக் காணொளி நேர்காணலுக்கு அழைத்தது. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கைப்பேசி ஒரு கோடு காட்டினாலே திருவிழா. ஆகவே தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினான். இடுப்புக்கு மேலே தீபாவளிச் சட்டை, கீழே சேறு படிந்த ரப்பர் பூட்ஸ், தூறலுக்கு அம்மா பிடித்த குடை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி உறுமிக்கொண்டு மேடேற, "என்ன இரைச்சல்?" என்றார் அதிகாரி. "இங்கே போக்குவரத்து அதிகம், ஐயா" என்று சமாளித்திருக்கிறான். எங்கள் தோட்டத்தில் போக்குவரத்து! "சம்பளத்தைக் கேளுடா" என்று அம்மா குடைக்குள்ளிருந்து முணுமுணுத்ததும் அங்கே கேட்டுவிட்டது. நல்லவேளையாக அவரும் தமிழர், சிரித்துவிட்டு, "எப்போது வேலைக்கு வருவாய்?" என்றார். "திங்கட்கிழமையே வருகிறேன்" என்று தம்பி சொல்லும்போது லைன் அறுந்திருந்தது. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி தொட்டியை நாற்பது நிமிடம் சுற்றினான். இடம் வேறொருவருக்குப் போயிற்று. சட்டி காலி, அகப்பை என்ன செய்யும்?

சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தில் 2020-இல் ஒரு மாணவி இணையத் தேர்வு எழுத மரத்தில் ஏறியிருந்ததை நாடே பார்த்தது. சற்று முன் தோக் பாத்தின் என்னைக் கேட்டார்: "காட்டுவழி அறிந்தவன், மூங்கில் வேலை தெரிந்தவன் என்பதை விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?" என் இரண்டாவது செய்தியை அவரே சொல்லிவிட்டார். அந்தத் திறமையை முதலாளிக்குப் புரியும் சொல்லில் எழுதித்தர, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும்.

அதற்குத்தான் ஐந்து ஆண்டுகளாக நான் கேட்டு நச்சரிக்கும் அந்த அறை. இவ்வூரில் பிறந்த துன் சம்பந்தன், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, ரப்பர் மரத்தில் பால் வெட்டியவரின் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களையே வாங்கச் செய்தார். நான் தோட்டம் கேட்கவில்லை. பள்ளி நகருக்கு மாறியபின் பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடத்தில் ஓர் அறை, கூரையில் செயற்கைக்கோள் தட்டு, இரண்டு கணினி, மலாயும் தமிழும் தெமியாரும் பேசும் ஒருவர், அவருக்கு மாதச் சம்பளம். சம்பளத்தைச் சொன்னதும் எல்லாரும் கூரையைப் பார்க்கிறார்கள். நகராண்மைக் கழக உறுப்பினர் அவர்கள் இன்று என்னையே பார்ப்பதற்கு நன்றி.

மணி அடித்துவிட்டார்கள். போக்குவரத்து இன்னொரு மேடைக்கு. அந்த அறைக்கான மனு வாசலோரத்து மேசையில் இருக்கிறது. பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம். பெயரோடு அடையாள அட்டை எண்ணையும் எழுதுங்கள். சென்ற முறை அது இல்லையென்றுதான் திருப்பி அனுப்பினார்கள்.