பழைய டயானா துப்பாக்கிக்குப் பலாக்கட்டை போட்டாச்சு!

6,400 ரூபாய்! முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கு வீடியோ ஓடாது. துப்பாக்கியைத் தாங்குகிற, தோளில் வைக்கிற மரக்கட்டைக்கு இணையத்தில் ஒரு ஆள் கேட்டது 5,200, அதைக் கடலூருக்கு அனுப்ப இன்னொரு 1,200. துப்பாக்கியையே தேவனாம்பட்டினம் கடற்கரையில் பலூன் கடை போட்டிருந்த அண்ணனிடம் 4,000-க்குத்தான் வாங்கினேன். பேரம் பேசிய வீடியோவில் நீங்களும் கூட இருந்தீர்களே!

புதிதாக வந்தவர்களுக்கு மட்டும்: இது டயானா 35, ஜெர்மனிக்காரன் செய்த ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். இரும்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கிறது. கட்டைதான் போய்விட்டது. இதோ, கிட்டே காட்டுகிறேன். டிரிகருக்குப் பின்னால் கட்டை மெலிந்து வளைகிறது இல்லையா, அந்த இடத்தில் உள்ளே முழுக்கக் கரையான். அவர்கள் போட்டது பீச் (beech) மரம். நம்மூர்க் கரையானுக்குக் கல்யாணச் சாப்பாடு. தோளில் வைத்தேன், பின்பாதி கையோடு வந்துவிட்டது.

இணையத்தில் விற்ற அந்த ஆளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். கட்டையைத் துப்பாக்கியோடு பிடிக்கிற முன் திருகு ஓட்டைக்கும், டிரிகரைச் சுற்றிய வளையத்தின் (டிரிகர் கார்டு) ஓட்டைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர்? “35 மாடல் எல்லாவற்றுக்கும் பொருந்தும்” என்று பதில். அது எப்படி ஐயா பொருந்தும்? இதைப் பார்த்து இங்கே செய்கிற துப்பாக்கியும் 35தான், ஒரிஜினலும் 35தான், ஓட்டை வேறு வேறு இடத்தில் இருக்கும். அளவு கேட்டால் அளவு சொல்லாத வியாபாரி எனக்கு ஆகவே ஆகாது.

அமெரிக்காக்காரனைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ரெமிங்டன் 700 மாதிரி ஒரு வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தால், கட்டை செய்கிற பாய்ட்ஸ் கம்பெனியில் மாடலைச் சொல்லி, அடுக்கி ஒட்டிய லேமினேட் மரமா வால்நட்டா என்று கலர் பார்த்து வாங்கிக்கொள்கிறான். மரமே வேண்டாமென்றால் மேக்புல் என்கிற கம்பெனி பிளாஸ்டிக்கில் தருகிறது. நமக்கு அந்த யோகம் இல்லை.

வேட்டை என்று வாயில் வந்ததும் ஞாபகம் வருகிறது. போன வீடியோவுக்குக் கீழே “ப்ரோ, கொக்கு சுடப் போறீங்களா?” என்று கேட்டிருந்தீர்கள். இல்லை! 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நான் சுடுவது காகித அட்டை, கொல்லையில், பின்னால் மணல் மூட்டை அடுக்கி. உரிமம் வேண்டுமா என்றும் பலர் கேட்கிறீர்கள். 4.5 மில்லிமீட்டர் குழல், குழலை விட்டு வரும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி தேவையில்லை.

சரி, மரத்துக்கு வருவோம். பண்ருட்டிப் பக்கம் சித்தப்பா தோப்பில் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் விழுந்த பலாவை அப்போதே பலகையாக அறுத்துத் தொழுவத்துப் பரணில் போட்டிருந்தார். இத்தனை வருடமாகக் காய்ந்த பலா! வீணை செய்கிற மரம். அதைத் தூக்கிக்கொண்டு முதுநகர் போனேன். அங்கே மரப்படகு கட்டிய ஆசாரி ஒருவர் இருக்கிறார். இப்போது எல்லாரும் ஃபைபர் படகுக்குப் போய்விட்டதால் கட்டில், கதவு என்று செய்கிறார். பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். ஓரத்து வெளிறை, அதாவது வைரம் பாயாத வெளிமரத்தை, பென்சிலால் கோடு போட்டு ஒதுக்கினார். “வைரம் நல்லா பாஞ்சிருக்கு தம்பி. படகுக்கு அணியம் வெக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?” (அணியம் என்றால் படகின் முன்முனை.) கூலி 1,800. நான் பேரமே பேசவில்லை, அம்மா சத்தியமாக.

அவரிடம் பிடித்தது என்ன தெரியுமா? வளைகிற இடத்தில் மரத்தின் நார் குறுக்கே வராமல் நீளவாக்கில் ஓடும்படி பலகையைத் திருப்பித் திருப்பி வைத்துத்தான் வரைந்தார். நார் குறுக்கே போனால் அந்த இடத்தில்தான் உடையும். நான் வாயே திறக்கவில்லை, அவராகவே பார்த்தார். இழைப்புளி போட்டதும் மஞ்சள் மஞ்சளாகச் சுருள் விழுந்தது. இப்போது மஞ்சளாகத்தான் தெரியும், வெயில் படப் பழுப்பேறும்.

மாட்டினோம், சிக்கியது. இது குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றுகிற வகை. குழலோடு சேர்ந்த நெம்புகோல் கட்டைக்கு அடியில் ஒரு நீள வெட்டில் பின்னால் போக வேண்டும். பழைய கட்டையில் அந்தப் பக்கமும் கரையான் தின்றிருந்ததால் அளவெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. குழல் மடங்குகிறது, ஸ்பிரிங் பூட்டிக்கொள்கிற ‘டக்’ சத்தம் வரவில்லை. நெம்புகோல் வெட்டின் முனையில் முட்டுகிறது! ஆசாரி உளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க எடுக்க, நான் மடக்கிப் பார்த்தேன். மடக்கும்போது குழலைக் கையை விட்டு விடாதீர்கள். பிடி நழுவினால் அது திரும்பி அடிக்கிற அடியில் விரல் போய்விடும். கடைசியில் ‘டக்’! ஆசாரி முகத்தைப் படம் பிடிக்காமல் விட்டேனே!

அட, வாஷரை விட்டுவிட்டேன். முன் திருகு இரண்டுக்கும் பல் வைத்த ஸ்டார் வாஷர் கட்டாயம். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் உதைக்கும், சாதா வாஷர் போட்டால் சுடச் சுடத் திருகு கழன்று குறி ஓடும். இதற்காக மஞ்சக்குப்பத்தில் ஏறி இறங்காத கடை இல்லை. கடைசியில் புதுச்சேரியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கிடைத்தது. ஒன்று 3 ரூபாய், பாக்கெட்டாகத்தான் தருவாராம். 150 ரூபாய்க்கு வாஷர் வாங்கி வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

இப்போது பத்து மீட்டரில் எல்லாம் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் விழுகிறது. உப்புத்தாள் போட்டு ஆளிவிதை எண்ணெய் ஒரு கை தடவியிருக்கிறேன், அது காய வேண்டும். தோளில் படுகிற ரப்பர் மட்டும் பாக்கி. ஹவாய் செருப்பை வெட்டி ஒட்டு என்கிறார் அம்மா. ரப்பர் என்னவோ நல்ல ரப்பர்தான், ஆனால் இந்த மரத்துக்குப் பின்னால் வெள்ளையும் நீலமுமாகத் தெரிந்தால் மானம் போய்விடும். கறுப்புச் செருப்பு கிடைத்தால் பார்க்கலாம்.