தேர்தல் தேதி தெரிந்துவிட்டால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு கேம்ப்ளே கொஞ்சம்தான், பேச்சு அதிகம். ஒரு நாட்டையே நாம் நடத்துகிற கிராண்ட் ஸ்ட்ராட்டஜி கேம்களில் தேர்தல் வந்தால் நம்முடைய கூட்டணிக்கு என்ன ஆகிறது, ஏதாவது ஆகிறதா என்பதுதான் விஷயம். என் பக்கம் எது என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இந்த கேம்களில் பாதிக்கு மேல், ஓட்டு எண்ணுகிற நாள்தான் தேர்தல் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் இரண்டு நாடுகளுக்கு நடுவில் பேச்சுவார்த்தை கெட்டுப்போவது அந்த நாளில் இல்லை, அதற்கு முந்தைய ஆறு மாதத்தில். நான் இருப்பது கும்பகோணம் பக்கம், இங்கே இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. காவிரிக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இரண்டாம் உலகப் போர் கேமான ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4. 1936 ஜனவரி 1-ல் தொடங்குகிற கேம். அமெரிக்காவை எடுத்தீர்கள் என்றால் அந்த நவம்பரிலேயே தேர்தல், ரூஸ்வெல்ட்டா லாண்டனா என்று ஒரு பெட்டி திறக்கும், ஒன்றை அமுக்குவீர்கள், முடிந்தது. இரண்டு பேருமே கேமின் கணக்கில் ஜனநாயகம் என்ற ஒரே கொள்கைக்குள் அடக்கம், அதனால் போட்டோ மாறும், நாடு அடுத்து என்ன செய்யலாம் என்று காட்டுகிற ஃபோகஸ் ட்ரீயில் சில கிளைகள் திறக்கும், சில மூடும், ஆனால் பிரிட்டன் உங்களைப் பார்க்கிற பார்வையில் பெரிதாக ஒன்றும் மாறாது. நாடே கம்யூனிசத்துக்கோ பாசிசத்துக்கோ சாய்ந்தால்தான் உறவு தலைகீழாகும். அப்படிச் சாய்க்க வெளிநாட்டுக்காரனும் உள்ளே புகுந்து ஒரு கட்சியின் செல்வாக்கை ஏற்றிவிடலாம், அந்த வேலையை நானே நிறையச் செய்திருக்கிறேன், பாவம் எதுவும் பார்ப்பதில்லை.

அதில் நிஜமாகவே தேர்தல் அரசியலுக்குப் பக்கத்தில் வருவது தேர்தல் இல்லை, உலகப் பதற்றம் என்று ஒரு சதவீதம் ஓடுமே அதுதான். ஜனநாயக நாடுகள் அந்த எண் ஏறும்வரை யாருக்கும் பாதுகாப்பு உத்தரவாதம் தர முடியாது, கூட்டணியில் சேர முடியாது, கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். மக்கள் சம்மதிக்காமல் சண்டைக்குப் போக முடியாது என்பதைத்தான் ஒரே எண்ணில் சுருக்கி வைத்திருக்கிறார்கள். சரி, மோசமில்லை. ஆனால் அந்த எண்ணுக்குத் தேர்தல் காலண்டர் தெரியாது. 1940-ல் என்ன நடந்தது என்று பாருங்கள். செப்டம்பரில் ரூஸ்வெல்ட் 50 பழைய போர்க்கப்பல்களை பிரிட்டனுக்குக் கொடுத்தார், அதுவும் சும்மா இல்லை, 99 வருஷக் குத்தகைக்குத் தளங்களை வாங்கிக்கொண்டு, நாட்டுக்கு லாபமான வியாபாரம் என்று மேடையில் சொல்லிக்கொள்கிற மாதிரி. அக்டோபர் கடைசியில் பாஸ்டனில் நின்று, உங்கள் பிள்ளைகளை வெளிநாட்டுப் போருக்கு அனுப்ப மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். நவம்பரில் ஜெயித்தார். நட்பு நாடுகளுக்கு உடனே காசு வாங்காமல் ஆயுதம் கொடுக்கிற லெண்ட் லீஸ் யோசனையை வெளியே எடுத்தது டிசம்பரில், சட்டமானது 1941 மார்ச்சில். அதே ஆள், அதே சர்ச்சில், அதே போர், நடுவில் ஒரு தேர்தல் கடந்து போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. 1945 ஜூலையில், ஜெர்மனியைத் தோற்கடித்த நாடுகளின் போட்ஸ்டாம் மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே பிரிட்டனில் ஓட்டு எண்ணினார்கள். சர்ச்சில் முடிவைத் தெரிந்துகொள்ள ஊருக்குப் போனார், தோற்றார், அவருடைய நாற்காலியில் தொழிற்கட்சித் தலைவர் அட்லி வந்து உட்கார்ந்தார். மாநாடு பாதியில் ஆள் மாறியும் பிரிட்டனின் நிலை பெரிதாக அசையவில்லை, ஏனென்றால் போர்க்கால அமைச்சரவையில் அட்லியும் இருந்தவர், மாநாட்டுக்கும் கூடவே வந்திருந்தவர். ஆகவே போட்டோ மட்டும் மாறுகிறது என்று நான் கிண்டல் செய்தாலும், அந்த இடத்தில் கேம் சொல்வது சரிதான்.

ராஜா காலத்து கேம்களில் கதையே வேறு. க்ரூசேடர் கிங்ஸ் 3-ல் கூட்டணி என்பது நாட்டுக்கும் நாட்டுக்கும் இல்லை, சம்பந்திக்கும் சம்பந்திக்கும். பெண் கொடுத்தீர்கள், படை வரும். பெரியவர் காலமானால் கூட்டணியும் பெரும்பாலும் அவரோடு போய்விடும். அங்கே சாவுதான் தேர்தல். நிஜத்திலும் அப்படித்தான், 1762 ஜனவரியில் ரஷ்யப் பேரரசி எலிசபெத் இறந்ததும் மூன்றாம் பீட்டர் வந்து பிரஷ்யாவோடு நடந்துகொண்டிருந்த போரையே திருப்பிவிட்டார், பிரஷ்யா பிழைத்தது.

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4-ன் குடியரசுகள் எனக்குப் பெரிய ஏமாற்றம். மூன்று வேட்பாளர் வருவார்கள், நிர்வாகத்துக்கு ஒருவர், ராஜதந்திரத்துக்கு ஒருவர், ராணுவத்துக்கு ஒருவர், யாரை எடுத்தாலும் நம் கூட்டாளிகள் கண்டுகொள்வதே இல்லை. குடியரசாக இருப்பதற்கு ராஜதந்திரத்தில் நாம் கொடுக்கிற நிஜ விலை ஒன்றுதான், அரச குடும்பங்களோடு கல்யாண உறவு வைக்க முடியாது.

ஆனால் அதே கேமில் புனித ரோமானியப் பேரரசு இருக்கிறதே, தேர்தலும் கூட்டணியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை அவ்வளவு அழகாகக் காட்டுகிற இன்னொரு இடம் எனக்குத் தெரியாது. திரையைப் பாருங்கள், இது என் பொஹேமியா ஆட்டம். பேரரசரைத் தேர்ந்தெடுக்கிற ஏழு வாக்காளர்கள்: மைன்ஸ், ட்ரையர், கொலோன், பொஹேமியா, பாலட்டினேட், சாக்சனி, பிராண்டன்பர்க். இந்தத் தேர்தலுக்கு விதி வகுத்து 1356-ல் எழுதிய தங்க ஆணையில் இருக்கிற அதே ஏழு. ட்ரையர் மேல் மவுஸை வைக்கிறேன். பச்சையில் கூட்டணி, நான் தூது அனுப்பி வளர்த்த நல்லெண்ணம். கீழே சிவப்பைப் பாருங்கள். பக்கத்தில் இருந்த ஒரு குட்டி நாட்டை நான் விழுங்கினேன், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் என் பேரில் இருந்த ஓட்டு ஆஸ்திரியா பக்கம் போய்விட்டது. ஒரு மாகாணத்தைப் பிடித்ததற்கு ஒரு ஓட்டு போச்சு. சண்டை, கல்யாணம், கடன், எது செய்தாலும் இந்த ஏழு பேர் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

இது ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? தேதி இல்லை. பேரரசர் கண்ணை மூடினால்தான் தேர்தல், அது நாளைக்கா இருபது வருஷம் கழித்தா யாருக்கும் தெரியாது. கடைசி மாதத்தில் ஓடிப்போய் ஏழு பேரையும் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்க முடியாது. எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். 1519-ல் ஐந்தாம் சார்லஸ் என்ன செய்தார்? எதிரே பிரான்ஸ் ராஜா பிரான்சுவா நிற்கிறார், ஃபுகர் வங்கிக் குடும்பத்திடம் பெரும் கடன் வாங்கி வாக்காளர்களுக்கு வாரி இறைத்துத்தான் கிரீடத்தை வாங்கினார். ஓட்டுக்குக் காசு நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். என்ன, அங்கே கவர் ஏழே ஏழு.

போலந்தும் இதே ஜாதிதான். ராஜாவை ஓட்டுப் போட்டு எடுக்கிற நாடு, அடுத்த ராஜாவாக நம் வம்சத்து ஆள் வர வேண்டும் என்று கேமில் தூதரை அனுப்பி ஆதரவு திரட்டலாம். நிஜத்தில் 1733-ல் அந்தத் தேர்தலே போராக வெடித்தது, ஒரு பக்கம் பிரெஞ்சு ராஜாவின் மாமனார், மறுபக்கம் ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் நிறுத்திய சாக்சனிக்காரர். அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன், இங்கே தொட்டால் முடியாது.

இப்போது காவிரி. தேதி தெரிந்த தேர்தல் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்கு வேண்டாம். 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி, அதைச் செயல்படுத்த ஆறு வாரத்துக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. ஆறு வாரம் முடிந்தது. கர்நாடகத்தில் தேர்தல் வருகிறது, மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள் என்று மத்திய அரசு திரும்ப நீதிமன்றத்துக்குப் போனது. மே 12 ஓட்டுப் பதிவு. மேலாண்மை ஆணையம் அரசிதழில் வந்தது ஜூன் 1. இங்கே குறுவைக்கு ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆட்களுக்கு பெங்களூரில் எந்தக் கட்சி ஜெயிக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. எப்போது முடியும் என்பதுதான் முதல் கேள்வி. அந்த வருஷம் மேட்டூர் திறந்தது ஜூலை 19, அதுவும் மேலே மழை கொட்டியதால், சில நாளில் 120 அடியும் நிரம்பியது. மழை எந்தக் கட்சியிலும் இல்லை, நல்லவேளை.

இதை எந்த கேமாவது காட்டுகிறதா? கூட்டணிக்குக் கேட்டால், மற்ற நாடுகளை ஆட்டுவிக்கிற ஏஐ ஏன் சம்மதிக்கிறது, ஏன் மறுக்கிறது என்று கூட்டல் கழித்தல் பட்டியல் ஒன்று வருமே, அதில் தேர்தல் நெருங்குகிறது என்று ஒரு வரி நான் விளையாடியவற்றில் என் கண்ணில் பட்டதில்லை. விண்வெளி கேமான ஸ்டெல்லாரிஸில் ஜனநாயகத்துக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு தேர்தல், தலைவர் மாறுவார், பக்கத்துப் பேரரசுக்காரனுக்கு அதைப் பற்றி அக்கறையே இல்லை.

கிட்டத்தட்ட வருவது விக்டோரியா 3. அதில் நான்கு வருஷத்துக்கு ஒரு தேர்தல், அதற்கு முன் ஆறு மாதம் பிரசாரம், ஒவ்வொரு கட்சிக்கும் அலை ஏறி இறங்குகிற மாதிரி ஒரு எண். 2024-ல் வந்த ஸ்பியர் ஆஃப் இன்ஃப்ளூயன்ஸ் என்ற டிஎல்சி-யில், அதாவது கேமுக்கான கூடுதல் தொகுப்பில், லாபி குழுக்களைச் சேர்த்தார்கள், ஒரு குறிப்பிட்ட நாட்டுக்கு ஆதரவாகவோ எதிராகவோ உள்ளூர்ச் சக்திகள் கூடிக்கொள்ளும், நீங்கள் அந்த நாட்டோடு கைகோத்தால் எதிர் லாபி முகத்தைத் திருப்பும். நில உடைமையாளர்கள் ஒரு பக்கம் இழுக்க, தொழிலதிபர்கள் இன்னொரு பக்கம் இழுக்க, ஓட்டில் யார் கை ஓங்குகிறதோ அவர்களுடைய கோபதாபம் அடுத்த நான்கு வருஷம் உங்கள் வெளியுறவுக்குள் வந்து உட்காரும். இதுதான் எனக்குப் பிடித்தது, வெளிநாட்டு உறவு உள்ளூர்ச் சண்டையாகவே வருகிறது. குறை ஒன்றுதான், பிரசாரம் நடக்கிற அந்த ஆறு மாதத்தில் அரசாங்கம் தயங்குவதே இல்லை, வழக்கம்போல எல்லா ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுகிறது.

அதனால் நானே கேமின் விதியை மாற்றுகிற ஒரு சின்ன மோட் எழுத ஆரம்பித்திருக்கிறேன். பிரசாரம் தொடங்கினால் ஒப்பந்தச் சம்மதத்தில் ஒரு கழித்தல். நேராக ஒரே எண்ணைப் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும், ஆனால் 1956 இடிக்கிறது. இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் எகிப்து மேல் நடத்திய சூயஸ் தாக்குதல் தொடங்கியது அக்டோபர் 29, அமெரிக்கத் தேர்தல் நவம்பர் 6, நடுவில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் வேறு போகின்றன. தேர்தல் வாரம் என்று அமெரிக்க அதிபர் ஐசனோவர் சும்மா இருக்கவில்லை, சொந்தக் கூட்டாளிகளான பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் எதிராகவே ஐநாவில் நின்றார், பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கவும் செய்தார். ஜெயிப்போம் என்று தெரிந்தவனுக்குத் தயக்கம் குறைவு. ஆகவே அந்தக் கழித்தல் போட்டி எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், முதல் இரண்டு கட்சிகளின் அலை எண்ணுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை எடுத்து அதோடு இணைக்கப் பார்க்கிறேன். ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்த அண்ணன் அக்கா யாராவது இருந்தால் கை கொடுங்கள், அந்த இடைவெளியை வாரா வாரம் எடுக்கப் போனால் கேம் ஆமை மாதிரி நகர்கிறது, மாதம் ஒருமுறை எடுத்தால் போதுமா என்று பார்க்க வேண்டும்.