ஸ்வீடிஷ் தொடருக்கு ஜெர்மன் சப்டைட்டில்: ஆளை எங்கே தேடுறது, எப்படிச் சோதிக்கிறது

வணக்கம் மக்களே! ஸ்வீடிஷ் தொடர் ஒண்ணு ஜெர்மனிக்குப் போகணும், மொழிபெயர்ப்பாளர் வேணும். இதான் இன்னைக்கு மேட்டர்.

முதல்ல டப்பிங்கா சப்டைட்டிலான்னு முடிவு பண்ணுங்க. ஜெர்மனிக்காரங்க டப்பிங்லயே பார்த்துப் பழகினவங்க. அதுல ஒருத்தர் வரிக்கு வரி மொழிபெயர்த்துத் தருவார், இன்னொருத்தர் அதை உதட்டசைவுக்கு ஏத்த வசனமா மாத்துவார். ரெண்டாவது ஆளுக்கு ஸ்வீடிஷ் தெரிஞ்சே ஆகணும்னு இல்ல. சப்டைட்டில்ல அப்படிப் பிரிக்க முடியாது. ஸ்வீடிஷைக் காதால கேட்டுப் புரிஞ்சுக்கிற, ஜெர்மன் தாய்மொழியா உள்ள ஆள் வேணும்.

பிடியூ ஜெர்மனியோட பெரிய மொழிபெயர்ப்பாளர் சங்கம். அவங்க தளத்துல மொழி, துறை போட்டுத் தேடலாம். ஆனா கோர்ட் பத்திரம், மெஷின் மேனுவல் பண்றவங்களும் அதுல இருப்பாங்க. படம், தொடர்னா ஏவியூன்னு தனிச் சங்கமே இருக்கு, நான் முதல்ல அங்கதான் பார்க்கச் சொல்வேன். ஏஜென்சி வழியா போனா ஒரே ஒரு கேள்வி: நேரா ஸ்வீடிஷ்ல இருந்தா, இங்கிலீஷ் வழியாவா? இங்கிலீஷ்ல நழுவினது ஜெர்மனுக்குத் திரும்ப வராது.

சோதனைக்கு மூணு நிமிஷக் காட்சி போதும், ஆனா காசு கொடுத்துப் பண்ணச் சொல்லுங்க. தெற்கு ஸ்வீடன்ல இருக்கிற ஸ்கோனே வட்டாரப் பேச்சு கொஞ்சம், ரெண்டு பேர் குறுக்கே குறுக்கே பேசுற இடம் ஒண்ணு. பாதிக்கு ஸ்கிரிப்ட் தராதீங்க, காது எப்படின்னு தெரிஞ்சிடும். பொதுவா வரிக்கு 42 எழுத்து, நொடிக்கு 17 எழுத்துதான் கணக்கு. ரெண்டு நொடி நிக்கிற சப்டைட்டிலுக்கு 34 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. ஜெர்மன் வார்த்தையோ ரயில் மாதிரி நீளும். எதை வெட்டினாங்க, எதை வச்சாங்கன்னு பாருங்க, திறமை அங்கதான் இருக்கு.

அடிக்கடி சொதப்புறது 'டூ' (நீ), 'ஸீ' (நீங்க) விஷயம். 1960கள் கடைசியில இருந்து ஸ்வீடன்ல கிட்டத்தட்ட எல்லாருக்கும் 'டூ'தான், போலீஸ்காரர் மந்திரியைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஜெர்மன்ல நம்ம நீ, நீங்க மாதிரி ஒண்ணைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். எட்டு எபிசோடை ரெண்டு பேருக்குப் பிரிச்சுக் கொடுத்தா, மூணாவதுல 'நீங்க'ன்னவர் நாலாவதுல 'நீ'ம்பார். அதனால யார் யாரை எப்படிக் கூப்பிடுவாங்க, எந்தக் காட்சியில மாறுதுன்னு ஒரு அட்டவணை போட்டு வேலைக்கு முன்னாடியே ரெண்டு பேருக்கும் கொடுத்துடுங்க.

எடிட்டிங் முடிஞ்ச வீடியோவையே அனுப்புங்க, பிரேம் ரேட்டையும், அதாவது நொடிக்கு எத்தனை பிரேம்னும் எழுதுங்க. 24 பிரேம் காப்பிக்கு டைமிங் போட்டு 25ல ஓட்டினா, பத்தாவது நிமிஷ சப்டைட்டில் 24 நொடி லேட்டா வரும். ஃபைலை யுடிஎஃப்-8ங்கிற எழுத்துக் குறியீட்டுல வாங்குங்க, இல்லன்னா ä, ö, ü மாதிரி மேல புள்ளி வச்ச ஜெர்மன் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாயிடும்.

கூலி பொதுவா ஓடுற நிமிஷக் கணக்கு. டைமிங்கும் ஒரு திருத்தமும் அதுக்குள்ள அடக்கமான்னு கேட்டுக்கோங்க. ஜெர்மன் சட்டப்படி மொழிபெயர்ப்புக்கும் தனிக் காப்புரிமை உண்டு. டிவிக்கா, ஸ்ட்ரீமிங்குக்கா, எத்தனை வருஷத்துக்குன்னு ஒப்பந்தத்துல எழுதுங்க, கடைசியில பேர் போடுற கார்டுல மொழிபெயர்ப்பாளர் பேரும் வரணும்.