நாற்பத்து மூன்று ஃபேன் படங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மும்பை தாராவி 90 அடி ரோட்டில் முப்பத்தொரு வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். முதல் பாதி பிலிம், அடுத்த பாதி மெமரி கார்டு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடு, பொங்கலன்றைக்கு ரோட்டிலேயே வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்கிற நம் ஊர்ப் பெண்கள், எல்லாம் எடுத்தாயிற்று. இன்றைக்குப் பேச வந்தது படம் எடுப்பதைப் பற்றி அல்ல. எடுத்த படத்தைக் காணோம் என்று மூச்சு வாங்க ஓடி வருகிறார்களே, அவர்களைப் பற்றி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச ஆரம்பித்தால் நான் எங்கேயாவது போய்விடுவேன் என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். படம் காணோம் என்று தெரிந்த நொடியில் கேமராவை ஆஃப் பண்ணுங்கள். கார்டை வெளியே எடுங்கள். ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடுங்கள். வேறு எதுவும் செய்யாதீர்கள். சமையல் செய்துகொண்டே கேட்கிறவர்கள் இதோடு ரேடியோவை அணைத்தாலும் எனக்குச் சம்மதம்.

ஏன் என்று கேட்பீர்கள். நம்மில் பாதிப் பேர் சால் வீட்டில், அதாவது வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள மாடிக் கட்டடத்தில், வளர்ந்தவர்கள்தானே. வாசலில் ஒரு பெயர்ப்பலகை இருக்கும். எந்தக் கோலியில், அதாவது எந்த அறையில், யார் என்று எழுதியிருக்கும். மெமரி கார்டும் ஒரு சால்தான். ஆயிரக்கணக்கான கோலி, வாசலில் ஒரு பலகை. நீங்கள் ஒரு படத்தை டிலீட் பண்ணும்போது கேமரா மேலே ஏறிப் போய் அந்தக் கோலியைக் காலி செய்வதில்லை. அதற்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பலகையில் அந்தப் பெயரின் முதல் எழுத்தை மட்டும் சுரண்டிவிட்டு, இந்தக் கோலி இனி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று குறித்துவைக்கிறது. முருகேசன் என்கிற பெயர் ருகேசன் என்று நிற்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, 32 ஜிபி வரையுள்ள கார்டுகளில் நிஜமாகவே முதல் எழுத்தைத்தான் மாற்றுகிறது. அதற்குப் பெரிய கார்டுகளில் முறை கொஞ்சம் வேறு, ஆனாலும் ஆள் உள்ளேதான் இருப்பார்.

பார்மட் பண்ணினால்? பலகை முழுவதையும் துடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். மாடியில் எல்லாரும் அப்படியே இருக்கிறார்கள். சில கேமராக்களில் 'லோ லெவல் பார்மட்' என்று தனியாக ஒன்று உண்டு. அதை டிக் பண்ணியிருந்தால் கோலிகளையும் கழுவிவிடும், பிறகு என்னிடம் வந்தும் பெரும்பாலும் பயனில்லை. சாதாரண பார்மட் என்றால் நம்பிக்கை உண்டு.

நம்பிக்கையைக் கெடுப்பது எது? புதிய குடித்தனம். காலி என்று குறித்த கோலியில் புது ஆள் வந்து ஏறினால் பழைய ஆள் போனவர் போனவர்தான். நீங்கள் எடுக்கிற ஒவ்வொரு புதுப் படமும் ஒரு புதுக் குடித்தனம்.

இந்த இடத்தில் அந்த ஃபேன் கதையைச் சொல்லாமல் விடமுடியாது.

செம்பூரில் ஒரு அறுபதாம் கல்யாணம். நம் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அன்றைக்கு நான் பாண்டுப்பில் வேறு கல்யாணத்தில் மாட்டிக்கொண்டேன், அதனால் அவர்கள் அக்கா மகன், இன்ஜினீயரிங் படிக்கிற பையன், நண்பனிடம் கேமரா வாங்கி எடுத்திருக்கிறான். நன்றாகவே எடுத்திருந்தான், அதைச் சொல்லவேண்டும். அறுநூற்றுப் பன்னிரண்டு படம். சாயங்காலம் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பார்க்கலாம் என்று கேமராவைத் திறந்தால் திரையில் 'கார்டு எர்ரர்'. கூடவே ஒரு கேள்வி, பார்மட் பண்ணவா என்று.

ராத்திரி ஒன்பதரைக்குக் கடை ஷட்டரை இறக்குகிற நேரத்தில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, பார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு. சரின்னு அமுக்கிட்டேன்."

"சரி, போகட்டும். அப்புறம் எதுவும் எடுக்கலியே?"

பையன் பேசவில்லை. பக்கத்தில் நின்ற அவன் அம்மா அவனைப் பார்க்கிறார்.

"கார்டு நல்லாயிருக்கான்னு செக் பண்ண... ஃபேனைப் போட்டோ எடுத்தேன், அண்ணாச்சி."

"எத்தனை?"

"நாப்பத்திமூணு."

நாற்பத்து மூன்று! ஒரு ஃபேனை நாற்பத்து மூன்று தடவை எடுக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஓடும்போது எடுத்திருக்கிறான், நிறுத்தி எடுத்திருக்கிறான், ஃபிளாஷ் போட்டு எடுத்திருக்கிறான். பயம் வந்தால் மனுஷன் விரல் சும்மா இருக்காது.

பார்மட் ஆன கார்டில் கேமரா பெரும்பாலும் முதல் கோலியிலிருந்துதான் ஆள் ஏற்றும். ஆகவே ஃபேன் உட்கார்ந்தது விசேஷத்தின் முதல் படங்கள் இருந்த இடத்தில். விடிகாலைக் கோலம், நாதஸ்வரக்காரர்கள் வந்து இறங்கியது, முக்கியமாக ஆச்சி. மாப்பிள்ளையாக உட்கார்ந்த அறுபது வயசுக்காரரின் அம்மா, எண்பத்தேழு வயது. அவரால் ரொம்ப நேரம் உட்கார முடியாது என்று ஹோமம் தொடங்கும் முன்பே ஆசீர்வாதம் வாங்கிவிட்டு அறைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஆச்சி இருந்த படமெல்லாம் அந்த முதல் முப்பதுக்குள்.

ஒன்று மட்டும் எங்களைக் காப்பாற்றியது. வெள்ளைச் சுவரும் ஒரு ஃபேனும் மட்டும் உள்ள படம் கார்டில் கொஞ்சம் இடம்தான் எடுக்கும். பட்டுப்புடவையும் பூவும் கூட்டமுமாக உள்ள படம் நிறைய எடுக்கும். அதனால் நாற்பத்து மூன்று ஃபேன் சேர்ந்து இருபத்தெட்டு விசேஷப் படத்தைத்தான் முழுசாக விழுங்கியிருந்தது. இருபத்தொன்பதாவது படத்தில் பாதியோடு நின்றிருந்தது. மீதி 583 படமும் வந்தன.

எப்படி வந்தன? பலகை இல்லாத சாலில் ஒரு தமிழ்க் குடும்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒவ்வொரு கோலியாகப் போய் வாசலில் கோலம் இருக்கிறதா என்று பார்க்கமாட்டீர்களா? அதேதான். கேமரா சேமிக்கிற ஜேபெக் வகைப் படம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரிக் குறியோடுதான் தொடங்கும். கேமரா எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வாசல் கோலம் அதேதான். படம் முடிகிற இடத்திலும் ஒரு குறி உண்டு. மீட்கிற மென்பொருள் பலகையை எட்டியே பார்க்காது. முதல் கோலியிலிருந்து கடைசி வரை நடந்து, கோலம் கண்ட இடத்திலெல்லாம் கதவைத் தட்டும். நான் பயன்படுத்துவது ஃபோட்டோரெக். கிறிஸ்டோஃப் கிரெனியே என்கிற பிரெஞ்சுக்காரர் எழுதி இலவசமாகவே கொடுத்திருக்கிறார். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள லேமிங்டன் ரோட்டில் யாராவது உங்களிடம் பெரிய தொகை கேட்டால், இதை முதலில் போட்டுப் பார்த்தாயா தம்பி என்று கேளுங்கள். திரை கறுப்பாக, எழுத்து மட்டும் வரும், பார்க்க அழகாக இருக்காது. பழைய பெயர்களும் திரும்ப வராது, எஃப் என்ற எழுத்தும் ஒரு நீள எண்ணுமாகத்தான் வரும். ஆனால் எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே இருக்கும், அதை வைத்து அடுக்கிக்கொள்ளலாம்.

வீடியோவுக்கு மட்டும் இந்த வித்தை அவ்வளவு செல்லாது. ஏனென்றால் அது பெரிய குடும்பம். இரண்டாம் மாடியில் ஒரு கோலி, நாலாம் மாடியில் இரண்டு என்று சிதறி இருக்கும். கோலமோ முதல் கோலி வாசலில் மட்டும்தான்.

அந்த இருபத்தொன்பதாவது படத்துக்கு வருகிறேன். அதற்குத் தலை இல்லை. தலைப்பகுதியை ஃபேன் தின்றுவிட்டது. தலை இல்லாவிட்டால் கணினிக்கு அது படம் என்றே தெரியாது. விநாயகருக்கு என்ன செய்தார்கள்? அதையேதான் நானும் செய்தேன். அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த அடுத்த படத்தின் தலையை வெட்டி இதற்கு ஒட்டினேன். மூன்று ராத்திரி ஆயிற்று. நிறம் பச்சையடித்து, படம் ஒருபக்கமாகத் தள்ளிப்போய் வந்தது. அதைச் சரிசெய்து பார்த்தால் கீழ்ப்பாதி மட்டும் இருக்கிறது. ஆச்சியின் முகம் இல்லை. புடவைக் கரை, இரண்டு பாதம், பாதத்தில் மகனும் மருமகளும் வைத்த நாலு கை.

பையனின் அம்மாவிடம் கொடுக்கத் தயங்கினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆசீர்வாதம் வாங்குன படம்தானே அண்ணாச்சி, இது போதும்" என்றார். பன்னிரண்டுக்குப் பதினெட்டு பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பையன் மட்டும் என்னை எங்கே பார்த்தாலும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

கேமரா பார்மட் பண்ணவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். விண்டோஸும் இதையேதான் கேட்கும். கார்டைச் செருகினால், பயன்படுத்தும் முன் பார்மட் செய்யவேண்டும் என்று ஒரு பெட்டி வரும். அங்கேயும் வேண்டாம். சிலர் செக் டிஸ்க் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். அது பலகையை ஒழுங்குபடுத்துகிற வேலைக்காரன். பலகைக்குப் பொருந்தாத குடித்தனத்தை மூட்டை கட்டி ஓரத்தில் வீசிவிடும். படமெல்லாம் வெளியே வந்த பிறகு வேண்டுமானால் ஓட்டுங்கள்.

மீட்ட படத்தை அதே கார்டில் திரும்பச் சேமிக்கிறவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள், வாரத்துக்கு ஒருவர் வருகிறார். கிணற்றில் இறைத்த தண்ணீரைக் கிணற்றிலேயே ஊற்றுவது போல என்று சொன்னால்கூடப் பரவாயில்லை, இது அதைவிட மோசம். மீட்ட படமே இன்னும் மீட்காத படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். லேப்டாப்பில் சேமியுங்கள்.

எஸ்டி கார்டின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பூட்டு இருக்கிறதே, அதை இறக்கிவிட்டுச் செருகுவது நல்லது. அது நிஜப் பூட்டு இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். பூட்டியிருப்பது கார்டுக்கே தெரியாது. கார்டைச் செருகுகிற ரீடருக்குள் உள்ள ஒரு முனை அதைத் தடவிப் பார்த்து, எழுத வேண்டாம் என்று ரீடர்தான் மரியாதைக்கு ஒதுங்கிக்கொள்கிறது. அந்தப் பூட்டுக் குச்சி உடைந்து விழுந்துவிட்டால் கார்டு எப்போதும் பூட்டியதாகவே காட்டும். கார்டு போச்சு என்று தூக்கிப் போடுகிறார்கள். குச்சி இருந்த பள்ளத்தை மறைத்து ஒரு துண்டு செலோ டேப் ஒட்டினால் போதும். இப்படிக் குப்பைக்குப் போகவிருந்த எத்தனை கார்டு என் மேஜை டிராயரில் கிடக்கிறது தெரியுமா?

2005 ஜூலை 26 வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். என் ஸ்டூடியோவில் இடுப்பளவு தண்ணீர். பத்து வருஷத்து நெகட்டிவ், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது, பிரிக்கும்போது முகங்கள் உரிந்து வந்தன. கீழ் டிராயரில் ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு இரண்டு நாள் சாக்கடைத் தண்ணீரில் கிடந்தது. துடைத்து, ஒரு வாரம் நிழலில் காயவைத்துப் போட்டேன், எல்லாப் படமும் இருந்தது. அன்றைக்குத்தான் பிலிம்காரனான நான் கார்டை மதிக்க ஆரம்பித்தேன். கார்டுக்குத் தண்ணீர் அவ்வளவு பெரிய எதிரி இல்லை. ஈரத்தோடு கரண்ட் கொடுப்பதுதான் எதிரி. நனைந்த கார்டை உடனே செருகிப் பார்க்காதீர்கள்.

அதற்காகக் கார்டை பீரோவில் வைத்துப் பூட்டி பத்து வருஷம் கழித்துத் திறக்கலாம் என்றும் எண்ணாதீர்கள். உள்ளே படம் இருப்பது மின்னூட்டமாக. தோஷிபாவில் இருந்த புஜியோ மசுவோகா 1980களில் கண்டுபிடித்த சங்கதி. எலெக்ட்ரான்களைச் சின்னச் சின்ன அறையில் அடைத்துவைப்பது. அடைத்தது மெல்ல மெல்லக் கசியும்.

நடைபாதையில் பாதி விலைக்கு விற்கிற 128 ஜிபி பற்றி... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து விரல் காட்டுகிறார்கள். ஐந்து நிமிஷமா என்றால் தலையை ஆட்டுகிறார்கள், இல்லை, ஒன்றரை நிமிஷம்தானாம், அதற்கு எதற்கு ஐந்து விரல்? சரி, வேகமாக. அந்தக் கார்டுக்குள் நிஜமாக 8 ஜிபிதான் இருக்கும், வெளியே 128 என்று பொய் சொல்லும். எட்டு நிறைந்த பிறகு எடுத்த படம் எழுதப்படவே இல்லை. எழுதாததை யாராலும் மீட்க முடியாது. புதுக் கார்டு வாங்கினால் விசேஷத்துக்கு முன்பே ஒருதரம் முழுக்க நிரப்பி, திரும்பக் கணினியில் திறந்து பாருங்கள்.

எந்த ரீடரிலும் காட்டாத செத்த கார்டு பற்றித்தான் நிறையக் குறிப்பு எழுதி வந்தேன், அந்தத் தாள் இதோ கையிலேயே இருக்கிறது. சுருக்கமாக, தங்க நிற முனைகளை பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து வேறு ரீடரில் பாருங்கள். பெரிய எஸ்டியில் மேலோடு உடைந்தாலும் உள்ளே சில்லு நன்றாக இருக்கலாம். மைக்ரோ எஸ்டி நடுவில் விரிசல் விட்டால் முடிந்தது. விட்டுவிட்டுத் தெரிகிற கார்டு என்றால் முதலில் முழுசாக ஒரு நகல் எடுத்து, அந்த நகலில்தான் தேடவேண்டும். ஒருதரம்தான் படிக்கக் கொடுக்கும், பிறகு கண்ணை மூடிவிடலாம்.

போனில் டிலீட் ஆன படம்? அங்கே நான் சொன்ன கோல வித்தை பலிக்காது, எல்லாம் சங்கேதமாகப் பூட்டியிருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், ஐபோனில் 30 நாள். அங்கேயும் இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் யாருக்கு அனுப்பினீர்கள் என்று யோசியுங்கள். ஊரில் சித்தி போனில் எல்லாம் இருக்கும்.

மைக்கை மூடப் போகிறார்கள். வணக்கம்.