எத்தனை அடுப்பு?

நேயர்களுக்கு வணக்கம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். 2001, 2011 இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் நோட்டும் பேனாவுமாக வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். "கூட்டுக் குடும்பமெல்லாம் போச்சு, எங்கே பார்த்தாலும் தனிக்குடித்தனம்" என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

கணக்கெடுப்பில் குடும்பம் என்பதற்குச் சொந்தபந்தம் அளவுகோல் இல்லை. சேர்ந்து வசித்து, ஒரே சமையலறையில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அடுப்புதான் கணக்கு. மறுபடியும் சொல்கிறேன், ஆளை வைத்து இல்லை, அடுப்பை வைத்து.

2011 பிப்ரவரியில் ஒரு வீடு. எங்கள் பக்கத்து வழக்கம்தான், அப்பா அரை கிரவுண்டு வாங்கிக் கீழே கட்டுவார், பிள்ளைக்குக் கல்யாணமானதும் மேலே மாடி எடுப்பார்கள். கீழே இருந்த பாட்டியிடம், "சமையல் ஒண்ணா, தனியாம்மா?" என்று கேட்டேன். "தனிதான் டீச்சர், பையன் மாடியில, நான் கீழ." எழுதப் போனேன். மாடிப்படியில் இருந்து மருமகள் குரல் கொடுத்தார்: "அத்தை, ராத்திரி டிபன் எங்க சாப்பிடுறீங்க?" அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. மாவு அரைப்பது கீழே இருக்கிற கிரைண்டரில். பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிடுவது பாட்டி சமையலை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு மாடியில். பின்னே மேலே எதற்கு அடுப்பு? தனி ரேஷன் கார்டு கேட்டபோது தனிச் சமையலறை இருக்கிறதா என்று பார்க்க ஆள் வந்தாராம், அதற்காகவே வைத்தார்களாம். பாட்டி தனிதான் என்று கடைசிவரை சொன்னதால் இரண்டு குடும்பம் என்று எழுதினேன். என் கையால் எழுதியது, இன்றைக்கும் மனசு ஒப்பவில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். வேலைக்காக ஊரிலிருந்து வந்த நாலு பையன்கள் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள், சாப்பாடு ஆளுக்கொரு மெஸ். விதிப்படி அவர்கள் நாலு குடும்பம்! ஒரு ஸ்டவ் வாங்கிச் சேர்ந்து சமைத்தால் ஒரே குடும்பமாகிவிடுவார்கள்.

2011-இல் தமிழ்நாட்டில் சுமார் 7.21 கோடிப் பேர், 1.85 கோடிக் குடும்பங்கள். வகுத்தால் குடும்பத்துக்கு நாலு பேர்கூட வராது. அந்த எண்ணைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாடிப்படிதான் ஞாபகம் வரும். 2021-இல் அஞ்சு நகராட்சிகளையும் அஞ்சு பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள், இதுபோல் எத்தனை ஆயிரம் மாடிப்படி இருக்குமோ.

சரி, நேரமாகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக இருக்கும் பெரியவர்களைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், ஒரு வரியில் முடிக்கிறேன். அவர்கள் உண்மையிலேயே ஒரு அடுப்பு, ஒரு ஆள். தாளில் அவர்களும் அந்தப் பாட்டியும் ஒன்றுதான். 2027 பிப்ரவரியில் கணக்கெடுக்க வருகிறவரை வாசலிலேயே அனுப்பிவிடாமல் உட்காரவைத்து, எந்த வேளைச் சாப்பாடு யார் வீட்டில் என்று விவரமாகச் சொல்லுங்கள். வணக்கம்.