பட்டிமன்றம்: போரை உணர்த்துவது களமும் கூத்துமே

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். போர் வரலாற்றை உணர்த்துவது நூலா, களமும் கூத்துமா என்பது கேள்வி. களமும் கூத்துமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஐயா, "மட்டக்களப்புப் புளியந்தீவுக் கோட்டைக்குப் போகிறவர் பீரங்கியோடு படம் எடுத்துத் திரும்புகிறார், கல் பேசாது, ஏடு பொய் சொல்லாது" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய அந்தக் கோட்டையை, வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தரும் கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனின் படையும் சேர்ந்து 1638 மே 18ஆம் நாள் கைப்பற்றினார்கள். ஐந்து நாள் கழித்து இதே மட்டக்களப்பில் உடன்படிக்கை எழுதப்பட்டது. பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவது மன்னர் விரும்பினால் மட்டுமே என்ற நிபந்தனை மன்னரின் பிரதியில் இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியில் அது இல்லை. ஏடு பொய் சொல்லாதா ஐயா? ஒரே உடன்படிக்கையின் இரண்டு ஏடுகள் ஒன்றையொன்று மறுக்கின்றனவே! அதைச் சுற்றி மன்னருக்கும் ஒல்லாந்தருக்கும் நெடுங்காலம் பூசல் நடந்தது.

இனிக் கல்லைக் கேளுங்கள். இரு பக்கம் வாவி, மற்ற இரு பக்கம் அகழி, மூலைக்கொரு கொத்தளம். பகைவன் நெருங்குவது எவ்வளவு கடினமோ, முற்றுகையிட்டால் உள்ளே இருப்பவன் வெளியேறுவதும் அவ்வளவு கடினம் என்பது மதிலில் ஏறி நின்ற உடனே விளங்கும்.

உள்ளே போகலாம், வெளியே வர முடியாது என்றதும் உங்களுக்கு அபிமன்யு நினைவுக்கு வருவான். எங்கள் ஊரில் வடமோடிக் கூத்து. விடியச் சாமம். கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் முழங்க, சல்லாரி என்னும் தாளம் ஒலிக்க, வில்லேந்திய அபிமன்யு ஆடுமேடையான வட்டக்களரியைச் சுற்றி ஆடி வியூகத்தின் வாயிலில் நிற்கிறான். அதுவரை பாயில் சாய்ந்திருந்த ஒரு பாட்டி, எங்கள் பேச்சில் பெத்தா, எழுந்தார். களரியின் ஓரம்வரை நடந்தார். "போகாத மனே! வெளிய வாற வழி உனக்குத் தெரியாது!" என்று கத்தினார். மத்தளம் நின்றது. அபிமன்யு நின்றான். அவையோரே, மீண்டும் சொல்கிறேன்: அபிமன்யு நின்றான்! ஆயுதமேந்திய ஆறு மகாரதிகள் சூழ்ந்தபோதும் நிற்காதவன், ஒரு கிழவியின் குரலுக்கு நின்றான். அண்ணாவியார் அடுத்த கூத்துப்பாட்டை, தருவை, எடுக்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு அவன் உள்ளே போனான், போகத்தானே வேண்டும்.

அந்தப் பெத்தா பாரதம் படித்தவரல்லர், எழுத்தே அறியாதவர். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் பாண்டவர் வனவாசச் சடங்கும் தீமிதிப்பும் கண்டு பாரதப் போரைத் தன் வீட்டுச் சாவாக அறிந்தவர். வேலைக்குப் போன அவருடைய மகன், எங்கள் காலத்துப் போரில் வீடு திரும்பவில்லை. அன்று அவர் கூப்பிட்டது அபிமன்யுவையா, அவனையா என்று கேட்கும் துணிவு எங்களில் எவருக்கும் இருக்கவில்லை.

நடுவர் அவர்களே, அந்தத் தாயின் கையில் எந்த நூலைக் கொடுப்பீர்கள் என்று எதிரணியினரிடம் கேளுங்கள். அவர்கள் பதில் சொன்ன பிறகு தீர்ப்பளியுங்கள்.