அணையின் காலடியில் ஒரு வாழ்க்கை
(மதுரையில் பொறியியல் மாணவர்களிடையே ஆற்றிய உரை)

அவையோர்க்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

அணை என்றதும் எல்லோர் கண்ணும் தேங்கி நிற்கும் தண்ணீர் மேல்தான் போகும். முப்பது ஆண்டுகள் அணைப் பொறியாளர் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன், எங்கள் கவலையெல்லாம் அணையை விட்டு வெளியேறும் தண்ணீரைப் பற்றியதே.

1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. முழு மட்டம் 71 அடி. இந்த எண்கள் மதுரைக்காரர்களுக்கு மனப்பாடம். ஆனால் ஷட்டரைத் தூக்கியதும் சீறிப் பாயும் நீரின் விசையை அணையின் காலடியிலேயே தணிக்காவிட்டால், அது ஆற்றுப் படுகையை அரித்து, நாளடைவில் அடித்தளத்தையே குடைந்துவிடும். அதனால்தான் கீழே கான்கிரீட் தளமும் தடுப்புக் கட்டைகளும் அமைத்து, நீர் அங்கேயே எகிறி, சுழன்று, வேகம் இழக்கும்படி செய்கிறோம். ஹைட்ராலிக் ஜம்ப் என்று நீங்கள் வகுப்பில் படித்தது இதைத்தான். கண்மாய் மறுகால் பாயும் நாளில் கலிங்குக்குக் கீழே நுரை பொங்குமிடத்தைப் பார்த்திருந்தால் அதன் சாயல் உங்களுக்குப் பழக்கமானதே.

அது எங்கே நிகழும் என்பதைக் கணக்கு சொல்லும். அணையைச் சிறிதாக்கிக் கட்டிய மாதிரியில் நீரை ஓட்டிப் பார்த்தால்தான் மனம் நம்பும். 100-க்கு 1 என்ற அளவில் மாதிரி கட்டினால், மாதிரியின் ஓட்டத்தை நிஜ ஓட்டத்தோடு பொருத்தும் ஃபுரூடு விதிப்படி வேகம் பத்தில் ஒரு பங்காகவும் நீரோட்டம் லட்சத்தில் ஒரு பங்காகவும் குறையும். நொடிக்கு 60,000 கன அடி வெள்ளம், அங்கே நொடிக்கு 17 லிட்டர், ஏறக்குறைய ஒரு குடம். ஒரு மணி நேர வெள்ளம் ஆறே நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஆறு நிமிடமும் கண் இமைக்காமல் பார்க்கத் தெரிய வேண்டும்.

பணியில் சேர்ந்த புதிதில், ஓர் ஆய்வுக்கூடத்தில், வலது ஓரத்து ஷட்டரை மட்டும் திறந்து சோதித்தேன். அளவுகள் சரியாக இருந்ததால் குறித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். தண்ணீரை வடித்த பிறகு பார்த்தால், படுகையில் பரப்பியிருந்த பொடிக்கற்கள் அணையின் பக்கமாக ஏறி வந்து தளத்தின் இடது மூலையில் குவிந்து கிடந்தன. ஒருபக்கமாகப் பாய்ந்த நீர் மறுபக்கம் சுழித்துத் திரும்பும்போது அவற்றை வாரிக்கொண்டு வந்திருக்கிறது. நிஜ அணையில் அந்தக் கற்கள் தளத்திலேயே உருண்டு உருண்டு கான்கிரீட்டை அரைத்துத் தேய்த்துவிடும். என் குறிப்பேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்று கணினியிலும் மாதிரி ஓட்டுகிறோம். பல வடிவங்களை விரைவில் ஒப்பிட அது பேருதவி. ஆயினும் காற்றோடு கலந்து நுரைத்து ஓடும் நீரைப் பொறுத்தவரை, கணினியின் விடையையும் ஓர் அளவீட்டோடு ஒத்துப் பார்க்காமல் நான் கையெழுத்திடுவதில்லை. இத்தொழிலுக்கு வர, சிவில் பட்டத்துக்குப் பின் நீர்வளத்துறையில் மேற்படிப்பு, பிறகு பூண்டியில் 1944 முதல் இயங்கும் நீரியல் ஆய்வு நிலையம் போன்ற இடங்களில் சில ஆண்டுகள் என்று வழி நீளமானது. அவசரப்படுபவர்களுக்கு இது ஒத்துவராது.

பொடிக்கற்கள் குவிந்து கிடந்த அந்தச் சோதனையை அன்று முழுவதும் திரும்பச் செய்தோம். அதிலிருந்து கிடைத்தது அரைப் பக்க அட்டவணை ஒன்று: எந்த ஷட்டரை முதலில், எத்தனை அடி, அடுத்து எதை, இரு பக்கமும் சமமாக எப்படித் தூக்குவது என்று. ஐப்பசி மழையில், நள்ளிரவில், டார்ச் வெளிச்சத்தில் அணை ஊழியர் ஒருவர் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் ஷட்டரைத் தூக்குகிறார்.